எதிரே உட்கார்ந்த வாத்தியார்

அந்தக் காலத்தில் தேரிக்காட்டு மணல் இப்போது இருப்பதைவிடச் சிவப்பு. ஓணான் பேசும், உடைமரம் பேசும், மணலுக்குள் கிடக்கிற பூச்சிகூடத் தலையை நீட்டி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போகும். காற்று மட்டும் யார் பேச்சையும் கேட்காது. காலையில் மேடாக இருந்த இடத்தைச் சாயங்காலம் பள்ளமாக்கிவிட்டுப் போகும். வந்த தடத்தைப் பார்த்தே திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தால் தடமும் இருக்காது, வழியும் இருக்காது.

அதனால் அந்த ஊர்க்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊருக்கு வெளியே ஓடையைத் தாண்டியதும் தொடங்கி, தேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பனங்காடு வரைக்கும் பன்னிரண்டு கல் நட்டு, ஒவ்வொரு கல்லிலும் இரு முகத்திலும் ஓர் எழுத்துக் கொத்தி வைத்தார்கள். ஓடைக்கரையில் அ. அடுத்தது ஆ. அப்படியே போய்ப் பனங்காட்டு ஓரத்தில் ஔ. ஒரு கல்லருகே நின்றால் இரண்டு பக்கமும் இரண்டு கல் தெரியும். எது ஊர்ப்பக்கம், எது காட்டுப்பக்கம் என்று மணலைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அ இருக்கிற பக்கம் நடந்தால் வீடு. எழுத்துத் தெரியாதவர் எந்தப் பக்கமும் நடக்கலாம், எங்கேயும் போய்ச் சேரமாட்டார்.

அந்த ஊரில் வடிவு என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ஐயம்பெருமாள் பனையேறி. மாசி பிறந்தால் ஊரில் பாதிக் குடும்பம் தேரியைத் தாண்டிப் பனங்காட்டுக்குப் போய்விடும். ஆண்கள் பனையேறிப் பதனீர் இறக்குவார்கள். பெண்கள் விடிலி என்கிற ஓலைக் குடிசைக்குள் அடுப்பு மூட்டி, பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். ஆவணியில்தான் வீடு திரும்புவார்கள். ஐயம்பெருமாள் முன்னாலேயே போய்ப் பாளை சீவத் தொடங்கிவிட்டான். வடிவு போய் அடுப்பு மூட்டவேண்டியதுதான் பாக்கி.

வடிவுக்கு ஒரே மகள். முத்துப்பேச்சி. நாலு வயசு. பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட அம்மாவை விட்டுத் தனியாகப் படுத்ததில்லை. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும்.

அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. கைக்குழந்தைகளைக்கூட இடுப்பில் வைத்துக்கொண்டு தேரியைத் தாண்டுவார்கள். ஆனால் போன வருஷம் ஒரு பிள்ளை விளையாட்டுப் போக்கில் வழி தவறி, ஒரு பகல் முழுக்கத் தேரிக்குள் சுற்றி, நாக்கு வறண்டு கிடந்து கிடைத்தது. உயிர் பிழைத்தது பெரிய காரியம். அதோடு ஊர் கூடிச் சட்டம் போட்டுவிட்டது. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்துத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாத பிள்ளை ஓடையைத் தாண்டக்கூடாது. சோதனைக்கு மட்டும் ஓணான் துணையோடு தாண்டலாம் என்று வைத்து, சோதித்து அனுப்புகிற பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தார்கள். ஓணான் எப்போதும் ஏதாவது ஒரு கல்லின்மேல்தான் உட்கார்ந்திருக்கும், அதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

பெரிய பிள்ளைகளுக்கெல்லாம் கல்லைப் பார்த்துப் பார்த்தே எழுத்துப் பழகியிருந்தது. மாட்டிக்கொண்டது பேச்சி ஒருத்திதான். அவளுக்குத் தெரியாவிட்டால் ஆவணி வரைக்கும் மதினி வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும். ஓடையைத் தாண்டவிடாமல் எப்படிக் கல்லைக் காட்டுவது? வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். அந்த ஊரில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை.

அங்கேதான் மணலானை வந்து சேர்ந்தார்.

மணலானை யார் என்று கேட்பீர்கள். மணலில் குடியிருக்கிற பூச்சி, பனங்கொட்டை அளவு இருப்பார். முன்னால் இரண்டு கொம்பு, பின்னால் கூரான வால். தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடப்பார். பின்னால் வால் மணலில் கோடு போட்டுக்கொண்டே வரும். அந்தக் கோட்டின் அழகை எப்படிச் சொல்ல! கல்தச்சர்கள் கல்லில் எழுத்துக் கொத்துவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு மணலில் எழுதிக் காட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துத்தான் உளியை எடுப்பார்கள். தேரியில் இருக்கிற பன்னிரண்டு கல்லும் அவர் வாலில் பிறந்த எழுத்துதான். அது அவருக்கும் நன்றாகத் தெரியும். அதைப் பிறத்தியார் மறக்கவும் விடமாட்டார்.

"பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கணுமா? ஏன் இவ்வளவு கவலைப்படுதெ? கல்லுக்கே நாந்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றார் மணலானை.

"சின்னப் பிள்ளை வாத்தியாரே. கொஞ்சம் பைய சொல்லிக் குடுங்க" என்றாள் வடிவு.

"நீ சும்மா பாத்துக்கிட்டு இரு."

வாசலில் மணலைப் பரப்பினார்கள். பேச்சி சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மணலானை, வாத்தியார் என்றால் மாணாக்கரின் முகத்தைப் பார்த்துத்தானே உட்காரவேண்டும் என்று, அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். வடிவு பெட்டி முடைய ஓலையை எடுத்துக்கொண்டு வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்தால்தான் பிள்ளை முகம் தெரியும். கவனிக்கிறாளா, காக்காயைப் பார்க்கிறாளா என்று கண்டுபிடிக்கலாம்.

மணலானை நடந்தார். வால் வளைந்தது, சுழிந்தது, நேராக இறங்கியது. "இது அ. சொல்லு."

"அ" என்றாள் பேச்சி.

அவ்வளவு சுலபமாக இருந்தது. பேச்சிக்கு எழுத்துப் பிடித்துப்போயிற்று. விரலால் அதன்மேலேயே போட்டுப் போட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் தனியாகப் போட்டாள். வடிவு ஓலையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மணியான அ. ஒரு கோணல் இல்லை.

"எம் மக்கா! என்னமா எழுதுதா பாருங்க வாத்தியாரே."

"சொல்லிக் குடுக்குற ஆளு அப்படி" என்றார் மணலானை.

ஒரே ஒரு பழக்கம்தான் பேச்சியிடம் இருந்தது. நடுவில் ஓர் எழுத்தைக் காட்டிக் கேட்டால் சட்டென்று சொல்லமாட்டாள். அ, ஆ என்று முதலிலிருந்து ராகம் போட்டுப் பாடிக்கொண்டே வருவாள். சரியான எழுத்து வந்ததும் நிறுத்தி, விரலால் அதை ஒரு குத்துக் குத்துவாள். தப்பாக ஒருநாளும் நிறுத்தியதில்லை. வடிவு முறத்தில் குருணையைப் பரப்பி, எதிரே உட்காரவைத்து, தானே எழுதியும் கேட்டுப் பார்த்தாள். பாடினாள், நிறுத்தினாள், குத்தினாள். ஒவ்வொரு முறையும் சரி.

வடிவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இரண்டு பேருக்குமான பாயைச் சுருட்டிக் கட்டி வைத்தாள். பேச்சியின் மரப்பாச்சியையும் அதற்குள் செருகினாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனாள். ஓணான் அ கல்லின்மேல் உட்கார்ந்து, கழுத்தை ஏற்றி இறக்கித் தலையாட்டிக்கொண்டிருந்தது. அது ஆம் என்றாலும் தலையாட்டும், இல்லை என்றாலும் அதே மாதிரிதான் ஆட்டும். வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

"வாங்க அண்ணாச்சி, கேளுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றாள் வடிவு, கொஞ்சம் மிதப்பாக.

ஓணான் கல்லிலிருந்து இறங்கி ஓரமாய் நின்றது. "இது என்ன எழுத்து, சொல்லு பாப்போம்."

பேச்சி கல்லைப் பார்த்தாள். ராகத்தைத் தொடங்கவே இல்லை. தலையை அந்தப் பக்கம் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியலை."

"ஏட்டி, நல்லாப் பாரு. மொத எழுத்து. நேத்து எத்தனை தடவை எழுதுனெ?"

"இது இல்லம்மா அது."

"எது இல்ல?"

"இது அ இல்ல."

வடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை விளையாடுகிறதோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது. சரி, கூச்சமாக இருக்கும் என்று ஆ கல்லுக்குக் கூட்டிப்போனாள். அதையும் தெரியாது என்றாள். இ கல்லிலும் அதே பதில். ஓணான் பின்னாலேயே வந்து தலையாட்டிக்கொண்டிருந்தது.

"வடிவு, இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலையே" என்றது.

"தெரியும் அண்ணாச்சி! சத்தியமாத் தெரியும்!"

வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வாசல் மணலில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து அ எழுதினாள். "இது என்ன?" "அ." இ எழுதினாள். பாடி நிறுத்திக் குத்தினாள், "இ." வடிவு தலையில் கைவைத்துக்கொண்டாள். வாசலில் தெரிகிறது, ஓடைக்கரையில் தெரியவில்லை. ஓடையைத் தாண்டினால் மறந்துபோகிற எழுத்து உலகத்தில் உண்டா?

கண்பட்டிருக்கும் என்றாள் மதினி. உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் வெடித்தது, எல்லாரும் தும்மினார்கள். திரும்பக் கல்லுக்குப் போனார்கள். பேச்சி பார்த்தாள். "இது இல்லம்மா."

கடைசியில் மணலானையையே கையில் ஏந்திக்கொண்டு போனாள் வடிவு. அவருக்கு மகா கோபம். "நான் சொல்லிக் குடுத்தது தப்பாகாது. கல்லுதான் தப்பா இருக்கும். காத்து அடிச்சு எழுத்துக் கோணியிருக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வந்து கல்லை ஏற இறங்கப் பார்த்தார். எழுத்து கோணவில்லை. அவர் எழுதிக் கொடுத்த அதே அ.

"இங்கயே எழுதிக் காட்டுதேன். உக்காரு பிள்ளெ" என்றார்.

பேச்சி கல்லைப் பார்த்து உட்கார்ந்தாள். மணலானை கல்லடியில், அவளைப் பார்த்து நின்றுகொண்டார். வடிவு கல்லில் கையை ஊன்றி நின்றாள். ஓணான் கல்லின் உச்சியில். மணலானை நடந்தார், வால் வளைந்தது, சுழிந்தது, நேராக இறங்கியது.

"இது?"

"அ" என்றாள் பேச்சி, பளிச்சென்று.

"அப்ப மேல கல்லுல இருக்குறது?"

"தெரியலை."

வடிவு குனிந்து மணலைப் பார்த்தாள். அ. நிமிர்ந்து கல்லைப் பார்த்தாள். அ. திரும்ப மணலைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான். தனக்குத்தான் எழுத்து மறந்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஓணான் உச்சியிலிருந்து எட்டி மணலைப் பார்த்தது, கல்லைப் பார்த்தது, தலையாட்டுவதையே நிறுத்திவிட்டது.

"மண்ணு எழுத்து வேற, கல்லு எழுத்து வேறயா இருக்குமோ?" என்றது.

"ரெண்டும் நான் எழுதுனது ஓய்!" என்று கத்தினார் மணலானை.

"எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா சட்டம்னா சட்டம். தேரிக்குள்ள நட்டு வச்சிருக்குறது கல்லு. மண்ணு எழுத்தைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு பிள்ளை எப்படி வீடு வந்து சேரும்?"

ஓணான் சொன்னது நியாயம்தான், அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பேச்சியை ஓர் அதட்டல் போட்டாள். "தெரிஞ்சுக்கிட்டே தெரியலைங்குறியா? ஒனக்கு அம்மா கூட வரணும்னு இல்லையா?" பேச்சி அழவில்லை. திருதிருவென்று முழித்தாள். "நான் அ சொன்னேன்லாம்மா" என்றாள் மெதுவாக. "ஆமா சொன்னெ" என்றாள் வடிவு.

மறுநாள் விடிந்ததும் ஐயம்பெருமாளிடமிருந்து ஆள் வந்துவிட்டது. கலயம் நிறைந்து வழிகிறது, காய்ச்ச ஆள் இல்லாமல் பதனீர் புளிக்கிறது, உடனே வா என்று. பதனீர் யாருக்காகவும் காத்திருக்காது. வடிவு பாயைப் பிரித்து மரப்பாச்சியை வெளியே எடுத்தாள். அதைப் பேச்சியின் கையில் கொடுத்து, மதினியின் கையில் பேச்சியைக் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தால் போகமாட்டோம் என்று தெரிந்து, பார்க்காமலே நடந்தாள். ஆள் வேகமாக முன்னால் போய்விட்டான். அவள் அ கல்லைத் தாண்டினாள், ஆ கல்லைத் தாண்டினாள். காற்று கிளம்பிச் சிவப்புப் புழுதி முகத்தில் அடித்தது. ஒவ்வொரு கல்லையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு தெளிவாக இருக்கிறாயே, என் பிள்ளை கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியமாட்டேன் என்கிறாய் என்று கல்லோடு சண்டை போட்டாள்.

எ கல்லுக்கு வந்ததும் நின்றாள். பேச்சி பாடிக்கொண்டு வந்து எ வந்ததும் குத்துகிற குத்து நினைவுக்கு வந்துவிட்டது. புளித்தால் புளிக்கட்டும், கருப்பட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பாயைக் கல்லடியில் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

இங்கே மதினி வீட்டில் என்ன நடந்தது என்றால், அவள் தண்ணீர் மொள்ளப் போன நேரத்தில் பேச்சி மரப்பாச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அம்மாவின் காலடித் தடம் ஓடைக்கரை வரைக்கும் நன்றாக இருந்தது. ஓணான் ஏதோ பூச்சிக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது, கவனிக்கவில்லை. அதற்கப்புறம் காற்று தடத்தைத் தின்றுவிட்டது. பேச்சி ஒரு கல்லைப் பிடித்தாள். அங்கிருந்து பார்த்தால் இன்னொரு கல், அதைப் பிடித்தாள். மூன்றாவது கல்லிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கல். எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பது மறந்துபோயிற்று. அம்மா எந்தப் பக்கம், வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கல்லில் இருந்ததோ அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு கோலம்.

வடிவு ஈ கல்லைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது காற்றோடு காற்றாக ஒரு ராகம் கேட்டது.

"அ... ஆ... இ!"

பிரமை என்று நினைத்தாள். புழுதி விலகியது. இ கல்லுக்கு முன்னால் ஒரு சின்னப் பாவாடை. ஆனால் முகத்தைக் காணவில்லை. பேச்சி கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தலையை மணலில் படுகிற மாதிரி தொங்கப்போட்டு, இரண்டு காலுக்கும் நடுவே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் வேலை இல்லாதபோது அப்படித்தானே நிற்கும்? அழுது முடித்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவளும் குனிந்திருக்கிறாள். ஆனால் ஒரு விரல் மட்டும் கல்லைப் பார்த்து நீண்டிருந்தது.

"இ! இ!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வடிவு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். முத்தம் கொடுத்தாள், அடித்தாள், திரும்ப முத்தம் கொடுத்தாள். "ஏன்டி வந்தெ? செத்துப் போயிருப்பியேட்டி!"

"அம்மா, இது இ அம்மா!"

"என்னது?"

"கல்லு! இ!"

வடிவு அவளை நிமிர்த்தி நிறுத்தி, கல்லைக் காட்டினாள். "எங்கே, சொல்லு."

பேச்சி நேராகப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "தெரியலை." உடனே திரும்பி நின்று குனிந்து, காலுக்கு நடுவே பார்த்தாள். "இ!"

வடிவுக்குப் பயமாகிவிட்டது. வெயிலில் பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டதோ? நேராகப் பார்த்தால் தெரியாதாம், குனிந்து பார்த்தால் தெரியுமாம். இப்படி ஒரு கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல? என்ன செய்வது என்று தெரியாமல், பிள்ளையைக் கல் பக்கம் முகம் வைத்து மணலில் உட்காரவைத்து, வழக்கம்போல எதிரே உட்கார்ந்து விரலால் இ எழுதினாள்.

"இது?"

"இ."

"சரி. இது எப்படித் தெரியுது ஒனக்கு? இதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கே ஒரு ஆசை வந்தது. அப்படி என்னத்தைத்தான் இந்தப் பிள்ளை பார்க்கிறது என்று பார்த்துவிடுவோம். எழுந்தாள். எழுத்து அழிந்துவிடாமல் சுற்றிக்கொண்டு பேச்சியின் பக்கம் போனாள். அவளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அவள் தலைக்குமேல் தன் மோவாயை வைத்து மணலைப் பார்த்தாள்.

மணலில் இ இல்லை.

என்னவோ ஒரு கோலம் இருந்தது. காலைத் தலையாகவும் தலையைக் காலாகவும் வைத்துக்கொண்டு, அவள் ஆயுசில் பார்த்திராத ஏதோ ஒன்று மல்லாந்து கிடந்தது.

"இதா மக்கா? இதையா இ-ன்னு சொன்னெ?"

"ஆமா. இதான் இ."

இத்தனை நாளும் பிள்ளை பார்த்தது இதைத்தான். வாத்தியார் பார்த்ததும் தான் பார்த்ததும் ஒரு பக்கம், பிள்ளை பார்த்தது எதிர்ப்பக்கம். பிள்ளை எழுதிக் காட்டியதும் அதனால்தான் தனக்கு நேராகத் தெரிந்திருக்கிறது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை பிள்ளை. காட்டியதை அப்படியே கற்றுக்கொண்டது. அதைப் போய் அதட்டினோமே என்று நினைத்ததும் வடிவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தராவது எழுந்து இந்தப் பக்கம் வந்து பார்த்தோமா? நாலு எட்டுத் தூரம்!

மடியிலிருந்த பிள்ளையை இறக்கவில்லை. அவள் சுட்டுவிரலைத் தன் விரலுக்குள் பிடித்துக்கொண்டு, அவள் பக்கமிருந்தே மணலில் மெல்ல இழுத்தாள்.

"அம்மா! இது கல்லுல இருக்குறதுல்லா!" என்றாள் பேச்சி.

"ஆமா மக்கா. அதுதான் இ. இனிமே அதுதான்."

அதற்குள் ஓணான் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தது. பிள்ளையைக் கோட்டைவிட்ட பயம் அதற்கு. விஷயத்தைக் கேட்டதும் தானும் கல்லின்மேல் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. "அப்படியா சங்கதி" என்றது. ஆனாலும் காவல்காரப் புத்தி போகவில்லை. "குனிஞ்சு சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன். நேரா நின்னு சொல்லணும்."

"சொல்லுவா அண்ணாச்சி. நீங்க முன்னால போங்க."

அன்றைக்கு வடிவு அ கல்லுக்குத் திரும்பிப்போய், மதினிக்கும் சேதி சொல்லிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு கல்லடியிலும் உட்கார்ந்தாள். ஓணான் முன்னால் ஓடி ஒவ்வொரு கல்லிலும் ஏறிக் காத்திருந்தது. பேச்சியை மடியில் வைத்து, விரலைப் பிடித்து எழுதுவாள். பிறகு பிள்ளை எழுந்து, இரண்டு காலில் நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து பாடிவந்து கல்லை ஒரு குத்துக் குத்துவாள். நடுவில் ஒருமுறை மறந்துபோய்க் குனியப் பார்த்தாள். வடிவு பாவாடையைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள். ஔ கல்லுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பேச்சி பாடி முடித்து, கல்லில் ஒரு குத்துவிட்டு, ஓணானைப் பார்த்தாள்.

ஓணான் தலையாட்டியது. "வாயத் தொறந்து சொல்லுங்க அண்ணாச்சி!" என்றாள் வடிவு.

"கூட்டிட்டுப் போ" என்றது ஓணான்.

பதனீர் பாதி புளித்துத்தான் போயிருந்தது. ஐயம்பெருமாள் கத்துவதற்கு வாயைத் திறந்தான். பேச்சி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டதும் மூடிக்கொண்டான். அன்று இரவு அம்மாவின் சேலைத் தலைப்பு பேச்சியின் கையில் இருந்தது.

மணலானைக்குச் சேதி போனது. அவர் நம்பவில்லை. இருந்தாலும் யாரும் பார்க்காத நேரத்தில் தான் எழுதிய எழுத்தை வாழ்க்கையில் முதல்முறையாகச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கமிருந்து பார்த்தார். பார்த்தவர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். வெட்கத்தில் சுருங்கத் தொடங்கினார். பனங்கொட்டை அளவிலிருந்து புளியங்கொட்டை, அதிலிருந்து குன்றிமணி என்று சுருங்கிக்கொண்டே போனார். முன்னால் நடந்தால் எழுதியது முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது, அதனால்தானே இவ்வளவு வினை என்று, எழுதியது கண்ணெதிரே இருக்கும்படி பின்னால் நடக்கப் பழகினார். அப்போதும் குழப்பம் தீரவில்லை. இந்தப் பக்கம் நேராக இருப்பது அந்தப் பக்கம் தலைகீழ், அந்தப் பக்கம் நேராக்கினால் இந்தப் பக்கம் தலைகீழ். யார் எந்தப் பக்கம் உட்காருவார்களோ! யோசித்து யோசித்து, கடைசியில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிற ஒன்றைக் கண்டுபிடித்தார். வட்டம். சுற்றிச் சுற்றி வட்டம் போட்டு, அது குழியாகி, அதன் அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஊரும் மணலானை என்ற பெயரை மறந்து, குழியானை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் அதைக் கையில் எடுத்து மணலில் விட்டுப் பாருங்கள். பின்னால்தான் நடக்கும். என்னவோ எழுதிக்கொண்டே போகும், யாருக்கும் படிக்க வராது.

சின்னப் பிள்ளை குனிந்து காலுக்கு நடுவே பார்த்தால், யாரோ வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்று பெண்கள் வாசலைப் பார்ப்பதும் இ கல்லடியில் தொடங்கிய பழக்கம்தான்.

வடிவு ஆவணியில் ஊர் திரும்பி, நடந்ததை ஓடைக்கரையில் எல்லாருக்கும் சொன்னாள். அன்று முதல்தான், பிள்ளைக்கு முதல் எழுத்துப் போடுகிறவர்கள் எதிரே உட்காருவதில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, அது பார்க்கிற பக்கமே தாங்களும் பார்த்து, அப்புறம்தான் அதன் விரலைப் பிடிக்கிறார்கள்.